நடிகமணி கந்தப்பன் செத்த வேஷங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் காமன் கூத்துக் குழுவின் தலைவர் வீரய்யா அவர்களே! மேடைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்து, இப்போது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் சிசிலி அம்மா அவர்களே! மழையோடு மழையாக வந்து, நனைந்த குடையைக் காலடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வருவதாகச் சொல்லி வராமல் போனவர்களுக்காகப் போட்டு வைத்த காலி நாற்காலிகளே! எல்லோருக்கும் ஹட்டன் கடைவீதித் தையல்காரன் சின்னராசாவின் வணக்கம்.

இவன் கோபமாகப் பேசுகிறான் என்று சிலர் நினைக்கலாம். ஆமாம், கோபமாகத்தான் பேசுகிறேன். நடிகமணி கந்தப்பன் அண்ணன் செத்துப்போன செய்தியைச் சொல்ல ஆள் அனுப்பினோம். ஒரு தோட்டத்தில் ஒருத்தன் என்ன கேட்டான் தெரியுமா? "எந்தப் படத்துலங்க?" என்று கேட்டான்! அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். நாற்பது வருடமாகத் தொலைக்காட்சியில் செத்துக்கொண்டே இருந்த மனிதர், நிஜமாகச் செத்ததை ஊர் நம்பவில்லை. ஹட்டன் டவுனில், சிசிலி அம்மாவின் போர்டிங் வீட்டில், ஒற்றைக் கட்டில் போட்ட அறையில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் போய்விட்டார். காலைத் தேநீருக்கு ஆளைக் காணோமே என்று சிசிலி அம்மா கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. ஐயோ, என்ன சாவு அது!

பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். ‘பிரித்தானியத் தொலைக்காட்சி நட்சத்திரம்’ என்று போட்டிருக்கிறது. யார் எழுதிக் கொடுத்தது? வீரய்யா, நீங்களா? அண்ணன் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். "நட்சத்திரமாடா நானு? நட்சத்திரத்துக்குக் குடை புடிச்சவன்டா" என்று சொல்லியிருப்பார். அவர் நட்சத்திரம் இல்லை. அதை ஒளிக்க வேண்டியதும் இல்லை. அவர் சின்ன வேஷக்காரர். அந்தச் சின்ன வேஷத்தை வாழ்நாள் முழுக்க ஒழுங்காகச் செய்தவர். அதற்குத்தான் இந்த மாலை.

ஆனால் புகழ் பாடிவிட்டுப் போக மட்டும் நான் இங்கே நிற்கவில்லை. டவுன் மயானத்தில் அவரை எரித்து ஒரு மாதமாகிறது. அவருடைய சாம்பல் இன்னும் சிசிலி அம்மா வீட்டில், அதே அறையில், ஒரு மண்கலயத்தில் இருக்கிறது. டயகம தோட்டத்தில் அவருடைய அம்மாவைப் புதைத்த குழிமேடு இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு ரத்த உறவு ஒன்று சரியென்று சொல்ல வேண்டும். அந்த ஒரே உறவு அவருடைய அக்கா அம்மாக்கண்ணு. வீரய்யா போய்க் கேட்டதற்கு, "அவன் சாம்பல் எங்க லயத்துப் பக்கம் வரப்படாது" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்ன அக்கா, இன்றைக்கு யாரும் எதிர்பாராமல் பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கிறார். அக்கா, உங்களுக்கு வணக்கம். உங்களைப் பார்த்துத்தான் மீதியைப் பேசப் போகிறேன்.

அன்பானவர்களே! கந்தப்பன் யார்? டயகமவில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு லயக் காம்பராவில் பிறந்து, துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். மாசி மாதம் வந்தால் சமையலை விட்டுவிட்டுக் காமன் கூத்தில் மன்மதன் ஆகிவிடுவார். அவர் மன்மதன், நான் ரதி. மீசை முளைக்காத வயதில் எனக்குச் சீலையைக் கட்டிவிட்டார்கள். சிவன் அவரை எரிப்பார், நான் மாரில் அடித்துக்கொண்டு அழுவேன். ஆக, இந்த மண்டபத்தில் கந்தப்பனுக்காகத் தாலியறுத்த பெண்டாட்டி நான் ஒருத்தன்தான்! சிரியுங்கள், பரவாயில்லை. அவருக்கு வேறு பெண்டாட்டி அமையவும் இல்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் துரை இங்கிலாந்துக்குத் திரும்பினார். அண்ணனின் கைச்சமையலை விட மனமில்லாமல் அவரையும் கூட்டிக்கொண்டு போனார். நம்மை எந்த நாட்டுக்காரன் என்று எழுதுவதென்று இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசாங்கங்கள் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே போன கொஞ்ச நாளில் துரை காலமாகிவிட்டார். லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார் அண்ணன். அந்தக் கடைக்குள் தொலைக்காட்சிக்காரர்கள் படம் பிடிக்க வந்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. தட்டைத் தூக்கி நடக்க அண்ணனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அன்றைக்கு நடக்கத் தொடங்கியவர்தான்!

பெட்டிக்கடைக்காரர், பஸ் சாரதி, கோர்ட்டுச் சாட்சி, பல் டொக்டர், ஹோட்டல் வெயிட்டர், படகில் வந்திறங்கும் அகதி, எல்லாம் அவர்தான். ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் பல வருடம் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். கதாநாயகன் பேசுவான், கதாநாயகி அழுவாள், அண்ணன் பின்னால் கட்டிலைத் தள்ளுவார். தெருவில் சனங்கள் நிறுத்திப் பேசுவார்களாம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி, "என் பல்லைப் பிடுங்கினது நீங்கதானே?" என்று கேட்டு, வலிக்காமல் பிடுங்கியதற்கு நன்றியும் சொன்னாளாம்! அவர் முகம் அந்த நாட்டுக்கே தெரியும். பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. "இத்தன பேரு என்னயப் பார்த்து சிரிக்கிறாங்க சின்னராசா, ஒருத்தன் வாயில கந்தப்பான்னு வரல" என்று என்னிடம் சொன்னார். அதைவிட ஒரு தனிமை உண்டா? சொல்லுங்கள், உண்டா?

அதோடு அவருக்கு ஒரு வேஷம் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. சாகிற வேஷம். துப்பறியும் கதையில் ஒருத்தன் செத்தால்தானே பொலிஸ் வரும்? செத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே! கூப்பிடு அந்தக் கறுப்பு மனுசனை. சுட்டும் செத்தார், கார் மோதியும் செத்தார், தேம்ஸ் நதிக்கரையில் ஒதுங்கியும் கிடந்தார்.

இந்த இடத்தில்தான் நம்முடைய சனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். அண்ணன் நடித்த முதல் வீடியோ கசட் தோட்டத்துக்கு வந்தது. டெக் வாடகைக்கு எடுத்துக் கிளப்பில் வைத்துப் பார்த்தோம். சனம் நெரிந்தது. அண்ணனின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் தொடங்கின சூட்டோடு அண்ணன் தட்டோடு வந்தார், நாங்கள் விசில் அடித்தோம், டுமீல் என்று ஒருத்தன் சுட்டான், அண்ணன் விழுந்தார். அவ்வளவுதான். மீதிப் படம் முழுக்க வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நாங்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தோம். ஏன்? கூத்தில் செத்தவன் எழும்ப வேண்டும். அதுதானே நாம் கண்ட முறை! எரிந்துபோன மன்மதனை மூன்றாம் நாள் தண்ணீர் தெளித்து, பாட்டுப் பாடி உயிர் எழுப்புவோம். எழுப்பாமல் யாரும் காப்பு அவிழ்க்க மாட்டோம். படம் முடிந்து எழுத்து ஓடியது. அண்ணன் எழும்பவில்லை.

அம்மா எழுந்து நின்றுகொண்டு கேட்டார். "என்னாங்கடா இது? எம் புள்ளய யாரு எழுப்புறது?"

"அது நடிப்பு ஆத்தா, அவரு அங்கன நல்லாத்தான் இருக்காரு" என்று வீரய்யா சொன்னார்.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? மன்மதன் மட்டும் என்னா நெசமாவா எரியுறான்? செத்த வேசத்த அப்படியே போட்டுட்டுப் போனா அது புள்ள மேல நிக்குமாடா இல்லியா? வெள்ளக்காரனுக்கு முறை தெரியாது. ஒங்களுக்குமா தெரியாது?"

அம்மா சொன்னதைத் தட்ட ஆள் இருந்ததா? மூன்றாம் நாள் சாயந்தரம் கூத்துக் குழு கூடி, தப்பு மேளம் அடித்து, அண்ணனின் ஒரு பழைய சட்டையைப் பாயில் விரித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, பாட்டைப் பாடி அவரை எழுப்பினோம்! ரதி நான்தான், நானும் பாடினேன். அதற்குப் பிறகு எந்தக் கசட் வந்தாலும் அதே கதை. தபால் கந்தோருக்கு அண்ணன் போன் எடுத்தால் அம்மா முதலில் கேட்பது இதுதான். "இந்தத் தடவயும் செத்தியா சாமி? சொல்லிரு, நாங்க எழுப்பிக்கிறோம்." அண்ணன் இதை அங்கே கூட நடிப்பவர்களிடம் சொல்லியிருக்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம்.

அக்கா, அம்மாக்கண்ணு அக்கா! இப்போது உங்களுக்கான பேச்சுக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு ஆத்திரம் இருக்கிறது. நியாயமான ஆத்திரம். அம்மா செத்தபோது தம்பி வரவில்லை. ஒற்றைப் பொம்பிளையாக நீங்கள் எல்லாக் காரியத்தையும் பார்த்தீர்கள். குழியில் முதல் மண் போடப் பிள்ளை இல்லாமல் பங்காளி வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழித்துப் பெட்டியோடு வந்து நின்ற தம்பியை நீங்கள் உள்ளே விடவில்லை. "அம்மா குழி அங்கன இருக்கு. பார்த்துட்டு அப்படியே போயிரு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் லண்டனுக்கே திரும்பினார். ஏன் பேசவில்லை என்று நீங்கள் என்றைக்காவது யோசித்தீர்களா? பெரிய மனுசன் ஆகிவிட்டான், கொழுப்பு என்றுதானே நினைத்தீர்கள்?

அவர் என்னிடம் மட்டும் சொன்னதை இன்று சபையில் வைக்கிறேன். அவர் என்னை மன்னிக்கட்டும். அம்மா செத்த செய்தி அவருக்குக் காலையிலேயே போய்விட்டது. அன்றைக்கு அவருக்குப் பிண வேஷம். மேசையில் வெள்ளைத் துணியைப் போர்த்திக் கிடக்க வேண்டும். விசயத்தைச் சொன்னார். "ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்" என்றார்கள். முடியவில்லை. அவருக்கு மேலே நின்று பேச வேண்டிய பொலிஸ் வேஷக்காரன் வசனத்தை மறந்து மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். இருட்டும் வரைக்கும் அண்ணன் அந்த மேசையில் கிடந்தார். "அழுதா கண்ணு துடிக்கும் சின்னராசா, காட்சி கெட்டுரும். மூச்ச அடக்கிக்கிட்டுக் கிடந்தேன். எங்கம்மாவ பொட்டியில வெச்சிருக்கிற நேரம் நானும் பொணமாத்தான் கிடந்தேன்" என்றார். இங்கே மறுநாளே அடக்கம் முடிந்துவிட்டது. ஓடி வந்திருந்தாலும் அவர் முகம் பார்த்திருக்க முடியாது.

அவரைத் தின்ற சங்கதி இன்னொன்று. அம்மாவே சொன்னதுதானே, செத்த வேஷத்தை எழுப்பாமல் விட்டால் அது மேலே நிற்கும் என்று? அம்மா சாவுக்குக் கொஞ்சம் முந்தியும் ஒரு படத்தில் செத்திருக்கிறார். அந்தக் கசட் இங்கே வந்து சேரவில்லை. தன்னை யாரும் எழுப்பவில்லை, தன் மேல் நின்ற சாவு அம்மா மேல் போய் விழுந்துவிட்டது என்று இந்த மனிதர் நம்பினார். லண்டனில் அத்தனை வருடம் இருந்தவர், இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவர், அதை நம்பினார்! "நாந்தான் அம்மாவக் கொன்னுட்டேன்னு அக்காகிட்ட எந்த வாயால சொல்றது?" என்று என் கடையில், தையல் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுபது வயதுக்கு மேல் ஆன மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அம்மா போன பிறகும் அவர் செத்துக்கொண்டேதான் இருந்தார். எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வயதாகி, நடிப்பை விட்டு ஊருக்குத் திரும்பி வந்து அவர் என்ன செய்தார் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சும்மா இருந்தாராம்! யார் ஐயா சொன்னது? அதோ சுதர்ஷினி உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேளுங்கள். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்து முறைப்பாடு கொடுக்கப் போனாள். விடிந்ததிலிருந்து பொலிஸ் வாசலில் நிற்கிறாள், ஒருத்தரும் உள்ளே கூப்பிடவில்லை. தகவல் கிடைத்ததும் அண்ணன் என்னிடம் வந்தார். டொக்டர் வேஷத்துக்குப் போட்ட பழைய கோட்டைக் கொண்டுவந்து, "ஒரு பொத்தான் தெச்சுக் குடுப்பா" என்றார். போட்டுக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. நிற்கிற விதம் இருக்கிறதே, அதுதான் அவர் படித்த வித்தை! உள்ளே இருந்து பெரிய அதிகாரி எழுந்து வந்து, "மாத்தயா, வாடி வென்ன" என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். அண்ணன் அந்த நாற்காலியில் சுதர்ஷினியை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். முறைப்பாட்டை அவளேதான் சொன்னாள், எழுதினார்கள்.

"ஏண்ணே ஒண்ணும் பேசல?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏதுப்பா வசனம்? பேசவேண்டியது அந்தப் புள்ள. நாம கூட நிக்கிறது" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு, அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கிற கந்தோருக்கு, யார் தனியாகப் போகப் பயந்தாலும் அந்தக் கோட்டு கூடப் போகும். இது ஏமாற்று வேலை இல்லையா என்று நம்மவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நான் கேட்கிறேன், அவர் தன்னை வக்கீல் என்றாரா? டொக்டர் என்றாரா? பக்கத்தில் நின்றார், அதுதான் அவர் செய்தது! நம் சனத்தின் பக்கத்தில் நிற்க ஒரு ஆளுக்கு ஏன் இப்படிப் பஞ்சமாகிப் போனது என்று கேட்கமாட்டார்களாம், கோட்டைப் பற்றிக் கேட்பார்களாம்! அத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்றவருக்குப் பக்கத்தில், கடைசி மூச்சுக்கு, நம்மில் யார் நின்றோம்?

என்னக்கா? எழும்பிவிட்டீர்கள்? போகாதீர்கள் அக்கா... கேட்கவா? கேளுங்கள், கேளுங்கள். மழைச் சத்தம், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

சபையோரே, அக்கா கேட்டது முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. "ஊரெல்லாம் கூடப் போனான்ல, ஹட்டன்ல இருந்துக்கிட்டு என்னயப் பாக்கணும்னு ஒரு நாளு கேட்டானா?" என்று கேட்கிறார்.

அக்கா, நான் பொய் சொல்லமாட்டேன். என்னிடம் கேட்கவில்லை. உங்கள் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார். அதுதான் உண்மை... யாரது கை தூக்குவது? ஜீவராஜா? டயகம பஸ் கண்டக்டர் ஜீவராஜ். என்ன தம்பி? மேலே வா. வரமாட்டாயா? சரி, அங்கேயே சொல்லு.

கேட்டீர்களா? எனக்கே இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் டயகம பஸ்ஸில் ஏறுவாராம். அக்காவின் லயத்துக்குப் பக்கத்திலுள்ள கடைசித் தரிப்பு வரைக்கும் போவாராம். எல்லோரும் இறங்கினாலும் சீட்டை விட்டு எழும்ப மாட்டாராம். "எறங்கலயாங்கய்யா?" என்று இவன் கேட்டால், "இல்ல தம்பி, ஆளு ஒண்ணு ஏறுதான்னு பாக்க வந்தேன்" என்பாராம். பஸ் திரும்புகிற வரைக்கும் யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அதே பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பி வருவாராம். சிசிலி அம்மா தலையாட்டுகிறார். "ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பாடு வேணாம்னுதான் சொல்லுவாரு, எங்க போறாருன்னு சொல்ல மாட்டாரு" என்கிறார்.

ஐயோ அண்ணே! நீங்கள் கேட்டிருந்தால் நான் கூட வந்திருக்க மாட்டேனா? சுதர்ஷினி வந்திருக்க மாட்டாளா? எல்லோரோடும் போன மனிதருக்கு, தனக்கு ஒருத்தரைக் கூப்பிடத் தெரியவில்லையே!

கொஞ்சம் பொறுங்கள். அக்கா பேசுகிறார். யாராவது போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். சுதர்ஷினி, நீ போ... சொல்லுங்கக்கா.

...சபையோரே. அக்கா சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன். "அந்த பஸ்ஸு ஆரன் அடிக்கிறது எனக்கு வூட்டுல கேக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் கேட்டுருக்கேன். அவன் அதுல இருந்தான்னு யாரும் சொல்லலயே. அவனக் குழிமேட்டுக்கு நேராக் கொண்டு போவாதீங்க. மொதல்ல எங்க வூட்டுக்குக் கொண்டாங்க. உள்ளுக்குக் கூப்பிடணும் நானு."

இரங்கல் கூட்டம் என்றால் உறுதிமொழி எடுக்க வேண்டும், எடுப்போம். நம் ஊரில் எந்தப் பிள்ளையும் எந்தக் கந்தோர் வாசலிலும் இனித் தனியாக நிற்கக் கூடாது. கோட்டு வேண்டியதில்லை, ஆள் வந்தால் போதும். கூட நிற்கத் தயாராக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வீரய்யாவிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் பெயர் என்னுடையது. அக்கா இன்றிரவு சிசிலி அம்மா வீட்டில் தங்கட்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை பஸ்ஸில் கலயத்தை அக்கா மடியில் வைத்துக்கொள்ளட்டும். அக்காவுக்குப் பக்கத்தில் சுதர்ஷினி உட்காருவாள். நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றுகொண்டு வருகிறோம்.

ஜீவராஜ் தம்பி, உனக்கு ஒரே ஒரு வேலை. கடைசித் தரிப்பில் அவரை இறக்கிவிட்டுத்தான் பஸ்ஸைத் திருப்ப வேண்டும்.